வலது பக்கத்து வெயில்

என் வலது கண் சிவந்திருப்பதை ஒரு திங்கட்கிழமை காலை பல் துலக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். கருவிழியைச் சுற்றி வளையம் போட்டது போலச் சிவப்பு. தூக்கம் சரியில்லை, அதனால்தான் என்று நினைத்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். காசிமேட்டைத் தாண்டி எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஏறியதும் கடல் பக்கமிருந்து வெயில் அடித்தது. கண்ணுக்குள் ஊசி இறங்கினாற்போல வலி. வண்டியை ஓரங்கட்டி, உள்ளங்கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பின்னால் கன்டெய்னர் லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே போனான்.

எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடிப் போர்ஷன். அம்மா இருந்தவரை இரண்டு பேர், அதற்குப் பிறகு நான் மட்டும். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களும் ஒரு வயதுக்கு மேல் கேட்பதை விட்டுவிட்டார்கள். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் ஆபீஸ் வேலை. உள்ளே வரும் லாரியின் எண், பெட்டியின் எண், பூட்டியிருக்கும் சீலின் எண் எல்லாவற்றையும் சரிபார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். எழுத்து ஒன்று மாறினாலும் பெட்டி எங்கோ போய் நிற்கும். கண்ணை நம்பிய வேலை.

அன்று ஆபீஸுக்குள் நுழைந்ததும் பக்கத்து மேசைப் பெண்தான் முதலில் பார்த்தாள். மணலி புதுநகரிலிருந்து வருகிறவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள், பல வருடமாக மதியச் சாப்பாட்டைச் சேர்ந்து சாப்பிடுகிறவள்.

“அக்கா, மெட்ராஸ் ஐ-யா?” என்றாள். கேட்கும்போதே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மெட்ராஸ் ஐ வந்தவரின் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் ஊரில் எல்லாரும் நம்புகிறோம். நானும் நம்பியிருந்தவள்தான். அரை நாள் லீவு போட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா கருவியில் என் தாடையை வைக்கச் சொல்லி, வெளிச்சத்தை உள்ளே பாய்ச்சி நெடுநேரம் பார்த்தார். “இது மெட்ராஸ் ஐ இல்லம்மா. கண்ணுக்கு உள்ள வீக்கம். யாருக்கும் ஒட்டாது” என்றார். “சொட்டு மருந்து தர்றேன். அதுல ஒண்ணு கண் பாப்பாவ விரிச்சே வெச்சிருக்கும். அதனால கூச்சம் இன்னும் ஜாஸ்தியாகும், பயப்படாதீங்க. கொஞ்ச நாள் வண்டி ஓட்ட வேணாம். அப்புறமும் வெயில் நேரா படாம பாத்துக்குங்க. இது போயிட்டுத் திரும்பி வரக்கூடிய வியாதி, அதையும் சொல்லிடறேன்.”

ஒரு வாரம் வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். அப்புறம் கொஞ்ச நாள் பஸ்ஸில் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி யார்டு வரை லாரிகளுக்கு நடுவே மொட்டை வெயிலில் நடப்பது அதைவிடக் கொடுமை. சிவப்பு போகாவிட்டாலும் வலி அடங்கி, டாக்டரம்மாவும் ஓட்டலாம் என்று சொன்ன பிறகு வண்டியை எடுத்தேன். என் பாதையில் ஒரு விசேஷம் இருந்தது. கண் கெட்ட பிறகுதான் அதைக் கவனித்தேன். காலையில் வடக்கே போகிறேன், கடல் வலது பக்கம், சூரியனும் வலது பக்கம். சாயங்காலம் தெற்கே திரும்பி வருகிறேன், அப்போதும் மேற்கு வெயில் வலது பக்கம்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் வலது கண் மட்டும் இரண்டு வேளையும் வெயில் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. வியாதிக்கு அது காரணமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனால் வலிக்கு அது போதும்.

கூலிங் கிளாஸை மாட்டி அதன் மேல் ஹெல்மெட் போட்டால் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் அழுத்தித் தலைவலி வந்தது. யானைக்கவுனிப் பக்கம் ஒரு கடையில், உள்ளேயே கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். வெளியே முகத்தை மூடும் வழக்கமான நிறமற்ற வைசர். அதற்கு உள்ளே, நெற்றிக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு கறுப்புத் தகடு. இடது காதுக்குக் கீழே ஒரு சின்ன நெம்புகோல். தள்ளினால் கறுப்புத் தகடு மூக்கு வரை இறங்கும், பின்னால் இழுத்தால் ஏறிக்கொள்ளும். கடையிலேயே போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து நெம்புகோலைத் தள்ளினேன். தெருவில் அடித்துக்கொண்டிருந்த உச்சி வெயில் சட்டென்று மாலை ஆறு மணி போல ஆகிவிட்டது. பல நாளுக்குப் பிறகு இரண்டு கண்ணையும் முழுதாகத் திறந்தேன். கடைக்காரர் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தது காதிலேயே விழவில்லை.

ஆபீஸில் நிலைமை மாறிப்போயிருந்தது. டாக்டர் சொன்னதைப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் சொன்னேன். “அப்படியாக்கா, நல்லது” என்றாள். அன்று மதியம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூம் பக்கம் போய்விட்டாள். மறுநாளும் போனாள். அவளுக்கு வீட்டில் கைக்குழந்தை. பயம் இருக்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பேனாவை யாரும் தொடவில்லை. தண்ணீர் கேனில் நான் பிடித்த பிறகு ஒருத்தர் குழாயைக் கழுவிவிட்டுப் பிடித்தார்.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். தினமும் உள்ளே வந்ததும், எல்லாரும் பார்க்க, மேசை மேல் ஹெல்மெட்டை வைத்து சானிடைசரை ஊற்றி வைசரையும் கறுப்புத் தகட்டையும் பளபளவென்று துடைத்தேன். பிறகு கையைத் துடைத்தேன், மேசையைத் துடைத்தேன். நான் சுத்தமாக இருக்கிறேன், பாருங்கள் என்று சொல்லாமல் சொல்வதுதான். அந்தப் பெண் மட்டும் ஒருநாள், “அக்கா, நீங்க எதுக்கு இவ்ளோ கஷ்டப்படுறீங்க” என்று தூரத்திலிருந்தே கேட்டாள்.

சில வாரத்தில் வைசரும் தகடும் கெட்டுப்போயின. முதலில் ஓரங்களில் மயிரிழை போல வெடிப்புகள், அப்புறம் நடுவில் புகை படிந்தாற்போல ஒரு மங்கல். எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை; துடைக்கத் துடைக்கக் கூடியது. பெட்டிக்குள் ஹெல்மெட்டோடு வந்த சின்னத் தாளை அப்போதுதான் எடுத்துப் படித்தேன். ஸ்பிரிட், பெட்ரோல், தின்னர், ஜன்னல் கண்ணாடி துடைக்க அடிக்கும் மருந்து எதுவுமே ஆகாது என்று தெளிவாகப் போட்டிருந்தது. சானிடைசரும் ஸ்பிரிட்தானே. அது கண்ணாடியே இல்லை, பிளாஸ்டிக். அதற்கு வேண்டியது தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் மட்டும்தான்.

வெளி வைசரை மாற்றிக்கொண்டேன். உள் கறுப்புத் தகடு மட்டும் தனியாகக் கடையில் இல்லை, வந்தால் சொல்கிறோம் என்றார்கள். மங்கலோடு அதையே வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை வைசரைக் கழுவுவது எனக்கு ஒரு வேலையாயிற்று. எங்கள் ரோட்டில் போய்வரும் வண்டியில் என்னதான் படியாது! நிலக்கரித் தூள், சிமென்ட் தூசி, லாரி கிளப்பும் மண், எல்லாவற்றையும் ஒட்டவைக்கக் கடலின் உப்புக் காற்று. அதைக் காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலத்தான். துப்பட்டா முனையால் துடைக்கிற பழக்கம் எனக்கு இருந்தது, அதை விட்டேன். பக்கவாட்டுத் திருகைத் திருப்பி வைசரைக் கழற்றி, நனைத்த பருத்தித் துணியை அதன் மேல் போர்த்தி வைத்துவிடுவேன். காப்பி குடித்து முடிப்பதற்குள் தூசியெல்லாம் ஊறி இளகிவிடும். அப்புறம் குழாய்த் தண்ணீரில் காட்டி, குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பு ஒரு சொட்டு விட்டு, விரல் நுனியால் மட்டும் தடவிக் கழுவுவேன். கறுப்புத் தகட்டை இன்னும் பூப்போல. அதில் கீறல் விழுந்தால் வெயிலில் தெரியாது, எதிர் வெளிச்சம் பட்டால்தான் தெரியும். இரண்டையும் மாடிப்படி நிழலில் சாய்த்து உலரவிடுவேன். வெயிலில் வைக்கக்கூடாது. காய்ந்ததும், மூக்குக் கண்ணாடிக் கடையில் கொடுக்கிற மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்தால் போதும். மழைக்காலத்தில் மட்டும் உள்பக்கம் துளி சோப்பைத் தேய்த்து மெல்லத் துடைத்துவிடுவேன், மூச்சுக்காற்றில் பனி பிடிக்காமல் கொஞ்ச தூரம் தாங்கும்.

மாடியில் நான் இதைச் செய்துகொண்டிருக்கும்போது கீழ் வீட்டில் டிவி ஓடும், யாராவது யாரையாவது அழைப்பார்கள். நான் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமலே பல ஞாயிறுகள் போயிருக்கின்றன. மத்தியானம் வீட்டுக்காரம்மா மோட்டார் போடவா என்று கேட்கும்போது பதில் சொல்லத் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மழைக்காலம் தொடங்கும்போது சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். “மேடம், பின்னாடி அவுட் கேட்ல ஒரு கேபின் சும்மா இருக்கு. வெளிச்சம் கம்மி, ஏசி இருக்கு. உங்க கண்ணுக்கு அது நல்லது. கொஞ்ச நாள் அங்க உக்காருங்க” என்றார். நல்ல மனிதர். கண்ணுக்கு நல்லதுதான். ஆனால் அவர் பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் மேசை மேலிருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

அவுட் கேட் கேபின் என்பது தகரப் பெட்டி. ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், லாரி டிரைவர்கள் காகிதம் நீட்ட ஒரு சின்ன ஜன்னல். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து கேபின் வரை வெயிலில் நடக்க வேண்டும் என்பதால் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, கறுப்புத் தகட்டை இறக்கிக்கொண்டு நடந்தேன். முதலில் கேபினுக்குள் போனதும் கழற்றினேன். அப்புறம் ஜன்னல் வழியாக வெளிச்சம் வருகிறதே என்று கொஞ்ச நேரம் கழற்றாமல் இருந்தேன். சில டிரைவர்கள் சிவப்புக் கண்ணைப் பார்த்துக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டதைப் பார்த்த பிறகு, லாரி வரும்போதெல்லாம் எடுத்து மாட்டிக்கொள்ள ஆரம்பித்தேன். அவர்கள் எனக்கு ஹெல்மெட் அக்கா என்று பேர் வைத்தார்கள். “ஹெல்மெட் அக்கா, நம்ம வண்டிய சீக்கிரம் வுடுங்கோ!” கேலி இல்லை, பிரியமாகத்தான் சொன்னார்கள். ஆனால் என் முகம் எப்படி இருக்கும் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது.

கறுப்புத் தகட்டுக்குள் இருப்பது சுகமாகப் பழகிவிட்டது. சிக்னலில் யாரைப் பார்க்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. அழுதாலும் தெரியாது, அழவில்லை, ஆனால் அழலாம் என்ற வசதி இருந்தது. வெயில் இறங்கிய பிறகும் தகட்டை ஏற்றாமல் வீடு வரை வருவேன். பொழுது சாய்ந்தபின் அதை இறக்கிவைத்து ஓட்டக்கூடாது என்று அந்தத் தாளில் போட்டிருந்தது. படித்தேன், தெரியும். தெரிந்தும் ஏற்றவில்லை.

ஒரு சாயங்காலம் எர்ணாவூர் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. மேற்கே வெளிச்சம் கொஞ்சம் பாக்கி இருந்தது. மூச்சில் உள்ளே பனி கட்டியது. வெளியே மழைத்துளி, அதற்கு உள்ளே பனி, அதற்கும் உள்ளே மங்கிய கறுப்புத் தகடு. எதிரே வந்த லாரிகளின் விளக்கு ஒவ்வொன்றும் உடைந்து, மத்தாப்பு போலக் கண் முழுக்கச் சிதறியது. திருவொற்றியூர் பக்கம், கடல் அரிப்புக்குக் கொட்டிய பாறைகளுக்கு எதிரே ரோட்டோரம் மீன் விற்கிற இடம் ஒன்று இருக்கிறது. மீன் வண்டிகள் ஒழுகவிட்டுப் போன தண்ணீரும் மழையும் சேர்ந்து அந்த இடம் வழுவழுவென்று இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. பின் சக்கரம் ஒரு பக்கமாக வழுக்கியது. மெதுவாகத்தான் போனேன். ஆனாலும் வண்டியோடு சாய்ந்து ஓரத்து மணலில் போய் விழுந்தேன்.

“யம்மா! எய்ந்திரு, எய்ந்திரு, லாரி வருது!”

யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாளுக்கு. புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் பிளாஸ்டிக் கவர். ரோட்டோரம் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே மீன் விற்றுக்கொண்டிருந்தவள். என்னை இழுத்துக்கொண்டு போய்த் தன் ஐஸ் பெட்டி மேல் உட்காரவைத்தாள். இரண்டு பேர் வண்டியைத் தூக்கி ஓரமாக நிறுத்திவிட்டுப் போனார்கள்.

“ஹெல்மெட்ட கயட்டு. தலையில அடிபட்டுதா?” என்று அவளே பட்டையை அவிழ்த்துக் கழற்றினாள். தார்ப்பாயில் தொங்கிய பல்பின் வெளிச்சம் கண்ணில் குத்தியது. என் முகத்தைப் பார்த்தவள் பதறிப்போனாள். “ஐயோ, கண்ணுல ரத்தம் கட்டிகினு கீதே! உய்ந்ததுல பட்ச்சா?”

“இல்லக்கா, இது முன்னாடியே இருக்கு. மெட்ராஸ் ஐ இல்ல. ஒட்டாது.” யாரைப் பார்த்தாலும் முதலில் அதைச் சொல்வது எனக்குப் பழக்கமாகியிருந்தது.

“ஒட்னா ஒட்டிகினு போவுது. எரியுதா, அத்த சொல்லு.”

கையைப் பக்கெட் தண்ணீரில் அலம்பி, சட்டையில் துடைத்துக்கொண்டு, என் தாடையைப் பிடித்துத் தூக்கினாள். முகத்தை என் முகத்துக்கு அருகே கொண்டுவந்து கண்ணை உற்றுப் பார்த்தாள். அவள் விரல்கள் ஐஸில் இருந்து சில்லிட்டிருந்தன. ஆஸ்பத்திரிக் கருவியைத் தவிர அத்தனை கிட்டத்தில் என்னை யாரும் பார்த்து எத்தனையோ மாதமாகிவிட்டது. எனக்கு உதடு துடித்தது. முழங்கால் வலி என்று அவள் நினைத்துக்கொண்டாள். குனிந்து பார்த்து, தோல் உரிந்த இடத்தில் தண்ணீர் ஊற்றினாள்.

“வூட்ல யாருக்காச்சும் போன் போடு. வந்து கூட்டினு போட்டும்.”

“யாரும் இல்லக்கா.”

“வேலைக்குப் பூட்டாங்களா?”

“இல்ல. நான் மட்டும்தான்.”

அவள் பக்கத்துக் கடைப் பக்கம் குரல் கொடுத்து ஒரு டீ வரவழைத்தாள். நான் குடித்துக்கொண்டிருக்கும்போது ஹெல்மெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தலையில் கவரோடு அதை மாட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

“இத்த போட்டுகினா ஓட்டிகினு வந்த? இன்னாமே இது, ஒரே இருட்டா கீது! எதிர்ல வர்றது லாரியா ஆனையான்னு கூடத் தெரில.”

“கண்ணு கூசும்க்கா. அதுக்குத்தான்.”

“கூசுறது வெயிலுக்கு. இப்ப எங்க கீது வெயிலு?”

மழை விடுகிற மாதிரி இல்லை, அன்று இனிமேல் யாரும் மீன் வாங்க வரப்போவதில்லை என்று அலுத்துக்கொண்டே என்னை எழுப்பிவிட்டு, தட்டில் இருந்ததை ஐஸ் பெட்டியில் போட்டு மூடினாள். பெட்டியைப் பக்கத்துக் கடையில் ஒப்படைத்தாள். “காசிமேட்டாண்ட என் பொண்ணு வூடு கீது. நானும் அங்கதான் போவணும். பின்னால குந்திக்கறேன், நீ ஓட்டு. கண்ணுக்கு நான் கீறேன்.”

“உங்களுக்கு ஹெல்மெட் இல்லியேக்கா.”

“இந்த மயயில என்னப் புடிக்க எவன் நிக்கப் போறான்? எடு வண்டிய.”

கறுப்புத் தகட்டை மேலே ஏற்றினேன். வெளி வைசரை ஒரு விரல் அளவு திறந்துவைத்ததும் காற்று புகுந்து பனி விலகியது. அவள் ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்திக்கொண்டே வந்தாள். “பள்ளம் வருது, லெப்ட்டு ஒட்டிப் போ. தோ, லாரி ஹாரன் அட்ச்சிகினு வர்றான், வுடு, அவன் போட்டும். இன்னாத்துக்கு அவசரம்? ஆங், இப்ப போ.” உண்மையில் ரோடு எனக்கு நன்றாகவே தெரிந்தது. மழை விழுந்த தார் ரோட்டில் விளக்குகள் நீளமாக, தெளிவாக விழுந்துகிடந்தன. தெரிகிறது என்று நான் சொல்லவில்லை. அவள் சொன்னபடி எல்லாம் கேட்டு ஓட்டினேன். காசிமேட்டுத் திருப்பத்தில் இறங்கி என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். “பாத்துப் போ” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் சந்துக்குள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் சுடிதாரின் தோளில் அவள் பிடித்திருந்த இடத்தில் மீன் செதில் இரண்டு ஒட்டியிருந்தன. அதைத் துவைக்கப் போடாமல் நாற்காலியில் போட்டுவைத்திருந்தேன், மறுநாள் வீடே நாறும் வரை.

அதன் பிறகு வாரத்தில் ஒரு நாளாவது வரும் வழியில் அவளிடம் நின்று நெத்திலியோ காரப்பொடி மீனோ வாங்குவேன். என்னைப் பார்த்ததும் “காட்டு” என்பாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு குனிவேன். தாடையைப் பிடித்து பல்புப் பக்கம் திருப்பிப் பார்ப்பாள். “கொஞ்சம் வெளுத்துகினு வருது.” இன்னொரு நாள், “இன்னா இன்னிக்கி ஜாஸ்தியா கீது? மருந்து வுட்டியா இல்லியா?” வாங்க நின்றவர்களில் ஒருத்தர் நகர்ந்துகொண்டால், “இவளுக்கு இருக்கிறது ஒட்டாதுய்யா, நீ வாங்கினு போ” என்று அதட்டுவாள். புதுத் தகடு கடைக்கு வந்துவிட்டது என்று செய்தி வந்து, மாற்றிக்கொண்டு போனபோது அதையும் மாட்டிப் பார்த்து, “இது பரவால்ல” என்றாள்.

பொங்கல் கழிந்து கண் முழுதாக வெளுத்தது. டாக்டரம்மா மருந்தை நிறுத்தினார். அன்று சாயங்காலம் அவளிடம் போய் நின்றேன். “காட்டு” என்றாள். பார்த்தாள். “வெள்ள வெளேர்னு கீது. சரியாபூட்ச்சி, போ!” என்று சிரித்துக்கொண்டே அடுத்த ஆளுக்குச் சங்கரா மீனை நிறுக்கத் தொடங்கினாள். அடுத்த வாரம் போனபோது “இன்னா வோணும்?” என்று கேட்டாள். அதுதானே சரி. கண் நன்றாக இருக்கிறவளை எதற்குத் தாடையைப் பிடித்துப் பார்க்க வேண்டும்? மீனை வாங்கிக்கொண்டு வந்தேன். அப்படியே போவது குறைந்தது.

கேட் ஆபீஸில் என் பழைய மேசைக்குத் திரும்பினேன். பக்கத்து மேசைப் பெண் மதியம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தானாகவே வந்து உட்கார்ந்தாள். “அக்கா, அப்ப கொழந்தைக்காகத்தான்…” என்று ஆரம்பித்தாள். “தெரியும்மா, சாப்பிடு” என்றேன். அவள் கொண்டுவந்த வத்தக்குழம்பை எனக்கும் ஊற்றினாள். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கும் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் பேசிக்கொண்டிருக்கும்போது, முன்போல நடுவில் புகுந்து நானும் ஒன்றைச் சொல்ல எனக்கு வரவில்லை. கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன்.

மே மாதம், அனல் பறக்கிற வெயிலில், கண் மறுபடி சிவந்தது. அதே வலது கண். ஆபீஸில் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, “மறுபடியுமாக்கா?” என்றாள். இந்த முறை அவள் எழுந்திருக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நானே அவுட் கேட் கேபினுக்குப் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் நேராக மீன் விற்கிற இடத்துக்குப் போனேன். யாரும் இல்லை. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. காசிமேட்டிலிருந்து வாங்கி வந்து விற்கிறவளுக்கு அங்கே என்ன வேலை? தார்ப்பாய் கட்டிய கயிறு மட்டும் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து டீக்கடையும் பூட்டிக் கிடந்தது. மறுநாளும் நின்று பார்த்தேன். மூன்றாவது முறை, வண்டியை உருட்டிக்கொண்டு எதிரே இருந்த குப்பத்துக்குள் போனேன்.

குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்ணிடம் விசாரித்தேன். வெயில் இன்னும் இருந்ததால் கறுப்புத் தகடு இறங்கியிருந்தது.

“அக்கா, ரோட்டோரம் மீன் விப்பாங்களே, தார்ப்பாய் போட்டு, அவங்க வீடு எது?”

“இங்க எல்லாருமே மீனுதான் விக்கறோம். பேரு இன்னா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. “தெரியல” என்றேன்.

“வூட்டுக்காரரு பேரு?”

“அதுவும் தெரியாது. சட்டை போட்டிருப்பாங்க, புடவை மேல.”

“எல்லாரும்தான் போடுவோம்.” அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இன்னா விசியம்? பிரச்சினை ஏதாச்சுமா?”

“இல்ல, சும்மா பாக்கலாம்னு.”

“சும்மாவா?”

மூடிய முகத்தோடு பேசுவது மரியாதையில்லை என்று தோன்றி, நெம்புகோலை இழுத்துத் தகட்டை ஏற்றி வைசரையும் தூக்கினேன். அவள் என் கண்ணைப் பார்த்ததும் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். “மெட்ராஸ் ஐ-யா?”

“இல்லக்கா” என்று மட்டும் சொன்னேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தேன். எத்தனை முறை என் தாடை அந்த மீன்காரம்மா கையில் இருந்திருக்கிறது. பேர் என்னவென்று ஒரு தடவை கேட்க எனக்குத் தோன்றவில்லையே என்று வீடு வரை அதே நினைப்பு.

அந்த முறை கண் சீக்கிரம் அடங்கியது. முதல் நாளே மருந்து விட்டதால் என்றார் டாக்டரம்மா. தடைக்காலம் முடிந்து சில நாள் கழித்து, ஒரு மாலை நேரம், நீலத் தார்ப்பாய் தூரத்திலேயே தெரிந்தது. அவள்தான். கொஞ்சம் கறுத்திருந்தாள். வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதல் காரியமாகக் கேட்டேன்.

“அக்கா, உங்க பேரு என்ன?”

கத்தியைப் பிடித்த கை நின்றது. “இன்னாத்துக்கு? போலீசா?” என்றாள். பிறகு சிரித்துவிட்டுச் சொன்னாள். நானும் என் பேரைச் சொன்னேன். அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். தடைக்காலம் முழுக்கப் பழவேற்காட்டில் தங்கச்சி வீட்டில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாளாம். தங்கச்சிக்குக் காலில் ஏதோ வியாதியாம். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆட்டோவில் இரண்டு குடும்பம் வந்து இறங்கியது. கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் ஓரமாக நகர்ந்து நின்றேன். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து, “இரு, நல்லது தர்றேன்” என்றாள்.

பெரிய வவ்வால் மீன் ஒன்றை எடுத்து வெட்டிக் கவரில் போட்டுத் தந்தாள். இவ்வளவு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்தவர் கை நீட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன். புளி கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. நான் ஒருத்திதானே, மூன்று நாளைக்கு வந்தது.